இறுக்கமான வெட்சூட்: வேலை கணுக்காலில் தொடங்குகிறது

டைவ் செய்ய, அதாவது கடலுக்குள் மூழ்கி நீந்த, உடலோடு ஒட்டப் போடும் ரப்பர் நுரை உடைதான் வெட்சூட். அதன் முதுகு ஜிப் பாதியில் நின்றுவிட்டால் பலரும் வயிற்றை எக்கிக்கொண்டு நாடாவை இன்னும் பலமாக இழுக்கிறார்கள். கோளாறு அநேகமாக முதுகில் இருப்பதில்லை. கணுக்காலில் நான்கு விரற்கடை துணி மேலே ஏறாமல் நின்றிருக்கும். அதனால் முழங்கால் பகுதி முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும், கவட்டை இரண்டு அங்குலம் தொங்கும். அந்தக் குறை முழுவதையும் தோள் ஈடுகட்ட வேண்டிவரும். சூட்டின் தோள் கீழே இழுபட்டால் அதன் முதுகுத் துணி விரியாது. அது விரியாவிட்டால் ஜிப்பின் இரு பல்வரிசையும் ஒன்றையொன்று எட்டாது. ஆகவே கீழ்ப் பாதியைச் சரியாக ஏற்றிவிட்டால் மேல் பாதிக்குப் பலமே வேண்டாம்.

ஏன் இவ்வளவு இறுக்கம் என்று முதலில் தெரிந்துகொண்டால் பொறுமை வரும். நியோபிரீன் என்பது மூடிய குமிழ்கள் நிறைந்த ரப்பர் நுரை. சூடு காப்பது அந்தக் குமிழ்களுக்குள் இருக்கும் வாயு. உள்ளே நுழையும் தண்ணீர் மெல்லிய படலமாக அசையாமல் நின்றால் உடல் அதைச் சூடாக்கிக்கொள்ளும். சூட் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு காலசைப்பிலும் பழைய தண்ணீர் வெளியே போய்ப் புதுக் குளிர்நீர் உள்ளே வரும். இன்னொன்றும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட இரு மடங்கு. குமிழ்கள் நசுங்கி சூட் மெலிந்துவிடும். கரையில் 'வசதியாக' இருக்கும் சூட் ஆழத்தில் தொளதொளக்கும். கரையில் கொஞ்சம் பிடிப்பாக இருப்பதே சரியான அளவு.

எவ்வளவு தடிமன் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஒரே நாட்டுக்குள் மூன்று வேறு கடல்கள் இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். வடக்கே சொத்வானா பே பக்கம் கோடையில் தண்ணீர் 27 டிகிரி வரை போகும். 3 மில்லிமீட்டர் சூட் பலருக்குப் போதும். டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸ் ஊரில் இருந்து படகில் போகும் அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டில் 5 மில்லிமீட்டர் வழக்கம். நம் அம்மன் கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களில்தான் அங்கே 'ராகி' (ragged-tooth) எனப்படும் சுறாக்கள் கூடியிருக்கும். தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி நிற்பதால் உள்ளே ஹூட் (தலைமூடி) வைத்த ஒரு சட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். கேப் டவுன் கதையே வேறு. ஃபால்ஸ் பே விரிகுடா குளிர், அட்லாண்டிக் பக்கம் அதைவிடக் குளிர். கோடையில் தென்கிழக்குக் காற்று அடித்தால் ஆழத்துத் தண்ணீர் மேலே வந்து 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே 7 மில்லிமீட்டர், அதுவும் பலருக்கு மேல் கீழ் என இரண்டு துண்டாக. தடிமன் ஏற ஏற வளைவது குறையும். 3 மில்லிமீட்டரில் தவறான வரிசையில் போட்டாலும் சமாளித்துவிடலாம். 7 மில்லிமீட்டரில் முடியாது.

இறுக்கமா, சிறியதா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எத்தனையோ பேர் தமக்குப் பொருந்தாத சூட்டோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். வெட்சூட்டைக் காய்ந்த நிலையில், குளிர்ந்த அறையில், அவசரமில்லாமல் ஒருமுறை முழுக்கப் போட்டுப் பாருங்கள். ஜிப் மூடியபின் முழு மூச்சு உள்ளே இழுக்க வேண்டும். மார்பு விரியும்போது எதிர்ப்பு தெரியலாம். மூச்சு பாதியில் நிற்கக் கூடாது. குந்தி உட்கார வேண்டும். இரு கைகளையும் தலைக்குமேல் தூக்க வேண்டும், ஒரு கையால் எதிர்த் தோளைத் தொட வேண்டும். ஐந்து நிமிடத்தில் விரல்கள் மரத்தால் மணிக்கட்டோ அக்குளோ உங்களுக்குச் சிறியது. கவட்டை, அக்குள், முதுகின் குழிவு ஆகிய மூன்று இடங்களிலும் காற்று தங்கும் இடைவெளி இருக்கக் கூடாது.

கழுத்தைத் தனியாகக் கவனியுங்கள். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் பெரிய இரத்தக் குழாயில் அழுத்தத்தை உணரும் ஓர் இடம் உண்டு. அதை வெளியிலிருந்து அமுக்கினால், இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று உடல் தவறாகக் கணக்கிட்டு இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். தலை கிறுகிறுக்கும், கண் இருளும், மயக்கமும் வரலாம். 'புது சூட் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கழுத்துப்பட்டிக்குள் ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் வெட்சூட் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழுத்தில் மெல்லிய துண்டு ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள்.

உடல்வாகும் ஒரு காரணம். கடைகளில் தொங்கும் சூட்டுகள் பெரும்பாலும் உயரமும் மார்பும் கொண்டு அளவிடப்பட்டவை. உயரம் குறைவாக, வயிறு சற்று முன்னே உள்ள நம்மவர்கள் வயிற்றுக்காகப் பெரிய அளவு வாங்கினால் கணுக்காலிலும் முதுகிலும் துணி மிஞ்சும். உயரத்துக்காக வாங்கினால் ஜிப் மூடாது. பெண்களுக்கு இடுப்பும் தொடையும் இதே சிக்கல். அளவெடுத்துத் தைத்துத் தருபவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். மற்ற கருவிகளை வாடகைக்கு எடுத்தாலும் சரி, சூட் மட்டும் சொந்தமாக, அளவுக்குத் தைத்ததாக இருப்பது நல்ல செலவு.

நகம், நகை, தோல்

முதல் நாள் இரவே நகங்களை வெட்டி ராவிவிடுங்கள். நியோபிரீனில் நீங்கள் காணும் பிறை வடிவக் கிழிசல்கள் எல்லாம் கட்டைவிரல் நகம் போட்ட கையெழுத்து. கால் நகத்தையும் மறக்காதீர்கள், அது உள்துணியை உள்ளே இருந்தே அறுக்கும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்ற வேண்டியவை. தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் சங்கிலியைக் கழுத்துப்பட்டிக்கு அடியில் மடங்கிச் சிக்க விடாமல் நேராக இறக்கி, தாலி நெஞ்செலும்பின் நடுவில் தட்டையாக அமரும்படி செய்யுங்கள். உள்ளே லைக்ரா என்ற இழுபடும் மெல்லிய துணியில் ஒரு சட்டை இருந்தால் உறுத்தாது. கோயிலில் கட்டிய காப்புக் கயிறு மணிக்கட்டில் இருந்தால் அதை முன்கையில் நான்கு விரற்கடை மேலே ஏற்றிவிடுங்கள். சூட்டின் கைமுனைக்கு அடியில் இருந்தால் ஊறிப் பருத்து, தோலை வெட்டும். தண்ணீர் உள்ளே வரவும் வழி விடும்.

தோலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் வழுக்கும் என்பது நம் வீடுகளில் முதலில் வரும் யோசனை. வேண்டாம். எண்ணெய் தண்ணீரில் அலசினால் போகாது. உள்துணியில் தங்கி அழுக்கைப் பிடிக்கும், சிக்கு வாடை அடிக்கும், மாஸ்க்கின் ஓரத்தில் பட்டால் கண்ணாடி மங்கும். வாசலின் (Vaseline) களிம்பு அதைவிட மோசம். பெட்ரோலியக் களிம்பு ரப்பரை உப்பவைத்து, தையலின் பசையைத் தளர்த்தக்கூடும். முகப் பவுடரும் இங்கே உதவாது. டர்பன் கோடையின் புழுக்கத்தில் அது ஐந்து நிமிடத்தில் வியர்வையோடு சேர்ந்து களியாகிவிடும்.

காய்ந்தா, நனைந்தா?

தோலும் சூட்டும் இரண்டும் நன்றாகக் காய்ந்திருந்தால் ஒருவாறு ஏறும். இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் இன்னும் எளிதாக ஏறும், ஏனென்றால் நடுவில் தண்ணீர்ப் படலம் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே, தோலில் பாதி ஈரம், துணி காய்ந்த நிலை என்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. மெல்லிய ஈரம் துணியைத் தோலோடு ஒட்டிவிடும். கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்று வியர்த்தபடி போடுகிறவர் மாட்டிக்கொள்வது இந்த நிலையில்தான். பாதியில் வியர்க்கத் தொடங்கிவிட்டால் போராடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை உடம்பிலும் சூட்டுக்குள்ளும் ஊற்றி, முழு ஈரத்துக்கு மாறிவிடுங்கள். குழாயடியிலோ ஷவரின் கீழோ நின்றே போடலாம்.

வழுக்கலுக்கு மலிவான வழி முடிக்குப் போடும் கண்டிஷனர். 500 மில்லிலிட்டர் ஸ்ப்ரே பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி கண்டிஷனர். நுரை தள்ளாமல் மெதுவாகக் குலுக்கிக் கலக்குங்கள். வாசனை குறைந்த, எண்ணெய் சேர்க்காத வகையாகப் பாருங்கள். கணுக்கால், முழங்காலின் பின்புறம், குதிகால், மணிக்கட்டு, முழங்கை ஆகிய இடங்களில் சூட்டின் உள்ளேயும் தோலிலும் அடித்தால் போதும்; முழு உடம்பும் தேவையில்லை. குழந்தைகளுக்கான ஷாம்புவும் இதே அளவில் வேலை செய்யும். பாத்திரம் கழுவும் சோப்பு தோலை உரிக்கும். இரண்டு மணி நேரம் உள்ளேயே ஊறப்போகிறது என்பதை நினைவில் வையுங்கள். கண்டிஷனர் பட்ட கையால் மாஸ்க்கின் உட்கண்ணாடியைத் தொடாதீர்கள். அன்று முழுக்க அது மங்கிக்கொண்டே இருக்கும்.

உள்ளே மெல்லிய லைக்ரா உடை போடுவது இன்னொரு வழி. தோலைவிட லைக்ரா வழுக்கும், சூடும் சிறிது கூடும், சிராய்ப்பும் வராது. பருத்தி பனியன் கூடாது. அது ஊறிச் சுருண்டு மடிப்பு மடிப்பாகத் தங்கும்.

உள்துணியே இல்லாத, ரப்பர் நேராகத் தோலில் படும் 'திறந்த குமிழ்' (open cell) எனப்படும் சூட்டுகள் மீன் குத்துபவர்கள் விரும்புவது. அவற்றைக் காய்ந்த நிலையில் ஒருபோதும் தொடாதீர்கள். தோலில் ஒட்டி அப்படியே கிழியும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி கண்டிஷனர் கலந்து, கால்சட்டைக்குள் பாதியும் மேல்சட்டைக்குள் பாதியும் ஊற்றி, வாயைப் பிடித்துக் குலுக்கி, உட்புறம் முழுக்க நனைந்தபின்தான் காலை விட வேண்டும். மேல்சட்டையில் இரண்டு கைகளும் முழங்கை தாண்டியபின் தலையை நுழையுங்கள். தலையை முதலில் விட்டால் கைகள் மாட்டி, முகம் மூடி நிற்பீர்கள்.

ரொட்டிப் பை

பாதத்தில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு சூட்டுக்குள் காலை வழுக்கி விடும் உத்தி பலரும் அறிந்தது. எந்தப் பை என்பதில்தான் விஷயம். காசு கொடுத்து வாங்கும் கடைப் பை தடிமனானது, மடிப்பு விழும், சூட்டுக்குள் சுருண்டுகொள்ளும். ரொட்டி வரும் பை மெல்லியது, நீளமானது, வழுக்குவது. பாதத்தில் மாட்டி, கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் வரும்படி இழுத்து, காலை உள்ளே விடுங்கள். குதிகால் வெளியே வந்தவுடன் பையை உருவி அடுத்த காலுக்கு மாட்டுங்கள். கைக்கும் அதே பை. காலுக்குப் பட்டது கைக்கு எப்படி என்று தயங்கினால் இரண்டு பை கொண்டு போங்கள். பை காற்றில் பறந்து கடலுக்குள் போகக் கூடாது. சொத்வானாவை ஒட்டிய கரையில் கடலாமைகள் முட்டையிட ஏறுகின்றன. பிளாஸ்டிக் அவற்றின் வயிற்றில் போய்ச் சேரும். ரொட்டிப் பையை உபகரணப் பையின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டு வையுங்கள்.

கால்கள்

உட்கார்ந்து செய்யுங்கள். ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு போடுவதால்தான் கணுக்கால் சுளுக்குகிறது.

ஜிப் முழுக்கத் திறந்து, சூட்டை இடுப்பு வரை உள்வெளியாகப் புரட்டுங்கள். பிறகு கால்களையும் முழங்கால் வரை புரட்டிவிடுங்கள். இப்போது நீங்கள் தாண்ட வேண்டியது ஒரு முழ நீளக் குழாய்தான். சூட்டின் முழங்கால் தட்டு முன்பக்கம் வருகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்; தொடை வரை ஏற்றியபின் முறுக்கு தெரிந்தால் முழுக்கக் கழற்ற வேண்டிவரும்.

இரண்டு பாதங்களையும் வெளியே எடுத்தபின், சூட்டின் கால்முனை கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே நிற்கும்படி இழுங்கள். பலர் தவறவிடும் இடம் இது. கால்முனையைக் கணுக்காலுக்குக் கீழே விட்டுவிட்டு மேலே போகிறார்கள். அங்கே விட்ட துணி திரும்ப வராது. இனிக் கெண்டைக்காலில் துணியை இரண்டு கைகளாலும் சிறு சிறு கொத்தாகப் பிடித்து மேலே நகர்த்துங்கள். நகத்தால் கிள்ளக் கூடாது, விரல் சதையாலும் உள்ளங்கையாலும் பிடிக்க வேண்டும். பிடி வழுக்கினால் உள்ளங்கையில் ரப்பர் புள்ளி உள்ள தோட்டக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஓர் அங்குலம் போதும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என்று சுற்றிச் சுற்றி வாருங்கள். ஒரே இடத்தைப் பிடித்து நீளமாக இழுத்தால் அந்த இடம் மட்டும் நீளும், தையல் பிரியும், கால் ஏறாது.

முழங்காலின் பின்குழியில் மடிப்பு இருக்கக் கூடாது. அது நீந்தும்போது தோலைக் கடித்துச் சிவக்க வைக்கும். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி ஏற்றுங்கள். ஒரு காலை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது வேலைக்காகாது, கவட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

கவட்டையும் இடுப்பும்

தொடையின் நடு வரை வந்ததும் எழுந்து நில்லுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சற்று மடக்கி, உள்தொடையின் துணியைக் கொத்தாகப் பிடித்து மேலே தள்ளுங்கள். இடுப்பைப் பிடித்து இழுக்கத் தோன்றும்; அடக்கிக்கொள்ளுங்கள். கவட்டை உடலில் தொட்டபின்தான் இடுப்பு. சோதித்துப் பார்க்க ஒருமுறை முழுக்கக் குந்தி எழுங்கள். எழுந்தபின் கவட்டையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மறுபடி கெண்டைக்காலுக்குப் போய் அங்கிருந்து துணியைக் கொண்டுவாருங்கள். ஆம், மறுபடி முதலில் இருந்து. இந்த மூன்று நிமிடம் தோளில் படும் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

பிறகு பின்பக்கம், இடுப்பு, வயிறு. வயிற்றின் மேல் துணி மடங்காமல் நேராக வர வேண்டும். இந்த நிலையில் நிறுத்திவிட்டு நிழலில் உட்காரலாம். உபகரணங்களைப் பூட்டுவது, படகுக்காரரின் விளக்கம் கேட்பது எல்லாம் மேல் பாதி தொங்க விட்ட நிலையிலேயே நடக்கட்டும். தை மாதக் காவடிக் காலத்து டர்பன் வெயிலில் 5 மில்லிமீட்டரை மூடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் கடலில் இறங்குமுன்பே உடல் சூடேறித் தலை சுற்றும். ஆனால் படகு ஏறுமுன் மூடிவிட வேண்டும். இந்தக் கரையில் ரப்பர் படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு ஏறி, கால்பட்டையில் பாதத்தைச் செருகிக்கொண்டுதான் அலையைத் தாண்டுகிறோம். அதன்பின் ஆடும் படகில் கையைத் தேடிப் போடுவது வாந்திக்கு நேர்வழி.

கைகள்

ஒரு கையை ரொட்டிப் பையோடு விட்டு, மணிக்கட்டு எலும்பு தெரியும் வரை கைமுனையை ஏற்றுங்கள். காலில் செய்தது போலவே முன்கை, முழங்கை, மேல்கை என்று கொத்தாக நகர்த்தி, அக்குளில் இடைவெளி இல்லாமல் துணி உட்கார்ந்தபின் தோளுக்கு மேல் ஏற்றுங்கள். இரண்டாவது கைதான் கடினம், முதுகுத் துணி அதற்குள் தீர்ந்துவிடும். அதற்காகவே முதல் தோளை முழுக்க ஏற்றாமல் தோள் நுனியில் நிறுத்தி, இரண்டாவது கையை முழங்கை தாண்ட விட்டபின் இரண்டு தோளையும் ஒன்றாக ஏற்றுவது நல்லது. அதன்பின் இரு கைகளையும் முன்னே நீட்டி, தோளைக் காதுவரை தூக்கி இறக்குங்கள். துணி தானாக இடத்தில் போய் அமரும்.

தோள் பிடித்துப்போனவர்கள் நம் சமூகத்தில் குறைவில்லை. சர்க்கரை நோயோடு உறைதோள் சேர்ந்து வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். அவர்களுக்கு ஒரே விதி: வலிக்கும் கை முதலில் உள்ளே, கடைசியில் வெளியே. நல்ல கைக்கு வளையும் சக்தி உண்டு, மிச்சத் தூரத்தை அது பார்த்துக்கொள்ளும். முதுகு ஜிப்புக்குப் பதில் மார்பில் ஜிப் உள்ள சூட் இவர்களுக்குச் சுகமா என்றால், ஜிப்பை இழுப்பது சுகம். நுழைவது அதிகச் சிரமம். தோள் நிலைமை மோசமென்றால் இரண்டு துண்டு சூட்டே மேல். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தையும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் பூட்ஸுக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் தெரியாது, புண்ணாகும்.

ஜிப்

தனியாக இழுக்காதீர்கள். முதுகு ஜிப்பை நாடா பிடித்துத் தானே மூட முடியும் என்பது உண்மைதான்; ஆனால் துணி மாட்டினால் கண்ணுக்குத் தெரியாது. கூட டைவ் செய்பவர் ஒரு கையால் ஜிப்பின் அடி முனையைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும், மறு கையால் மேலே ஏற்ற வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது தோள்களைப் பின்னே தள்ளி, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் சேர்ப்பது. நெஞ்சு முன்னே வரும், முதுகில் துணி தளரும். முன்னே குனிந்தால் முதுகு இன்னும் விரியும், ஜிப் இன்னும் விலகும். மூச்சை வெளியே விட்ட நொடியில் ஏற்றுங்கள். ஜிப்பின் உள்ளே உள்ள பாதுகாப்புத் துணி தட்டையாக இருக்கிறதா, தலைமுடியோ லைக்ராவோ பல்லில் சிக்குகிறதா என்று மூடுபவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிப் ஏறவே இல்லையென்றால் இழுக்காமல் நிறுத்துங்கள். கவட்டையையும் அக்குளையும் மறுபடி பாருங்கள்; பதில் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

ஜிப் கடினமாக ஓடினால் சாதாரண மெழுகுவர்த்தியைப் பல்வரிசையில் இரண்டு தடவை தேய்த்தால் போதும்.

பூட்ஸ், ஹூட், கையுறை

கால்முனையை நான்கு விரற்கடை மேலே மடித்து, பூட்ஸைப் போட்டு அதன் ஜிப் மூடி, மடித்ததை அதன்மேல் இறக்குங்கள். படகு தள்ளும்போது அலையோடு வரும் மணல் பூட்ஸுக்குள் கொட்டாமல் இருக்க இதுதான் வழி. ஹூட் கேப் டவுன் பக்கம் கட்டாயம். அதைத் தண்ணீரில் முக்கி, முக ஓரத்தை ஒரு அங்குலம் உள்வெளியாக மடித்து, இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு விரித்து, முகவாயை முதலில் வைத்து, பின் தலைக்கு மேல் இழுங்கள். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் பின்னலைக் கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் போட்டு, கண்டிஷனர் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். உச்சியில் கொண்டை போட்டால் ஹூட் அதன்மேல் ஏறி நின்று காற்றைச் சிறைப்பிடிக்கும். ஹூட்டின் கழுத்தும் சூட்டின் கழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து இறுக்குகிறதா என்று மறுபடி ஒருமுறை பாருங்கள். கையுறை கடைசியில்தான், போட்டபின் வேறெதையும் பூட்ட முடியாது.

தண்ணீரில் இறங்கியதும் கழுத்துப்பட்டியை ஒரு நொடி விரித்துக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடுங்கள். முதுகு சிலிர்க்கும், ஆனால் அடைபட்ட காற்று வெளியேறி, துணி இடத்தில் நழுவி அமர்ந்து, தோள் இறுக்கம் தளரும். இறங்கியபின்னும் மூச்சு முட்டினாலோ கண் இருண்டாலோ டைவ் வேண்டாம். கழுத்தைத் திறந்துகொண்டு படகில் ஏறிவிடுங்கள்.

கழற்றுவது

நனைந்திருக்கும்போதே கழற்றுங்கள். திரும்பும் படகில் காற்றில் காய்ந்த சூட், போடுவதைவிடப் பிடிவாதம் பிடிக்கும். நன்னீர்க் குழாய் இருந்தால் கழுத்து வழியாக ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, ஜிப்பைத் திறந்து, ஒரு தோளை உரியுங்கள். கையை வெளியே இழுக்காமல், முழங்கையை முதலில் உடலோடு உள்ளே மடக்கிக் கொண்டுவந்தால் கைமுனை தானாக உரிந்துவரும். இடுப்பு வரை உள்வெளியாகப் புரட்டி, உட்கார்ந்து, குதிகாலில் இருந்து தள்ளி எடுங்கள். கால்முனையைப் பிடித்து இன்னொருவர் இழுப்பது தையலைப் பிரிக்கும்.

வெட்சூட் காலப்போக்கில் தானாகவும் சிறுத்துவிடும். நியோபிரீன் வெயிலாலும் வெப்பத்தாலும் உப்பாலும் கெட்டிப்பட்டு நீளும் தன்மையை இழக்கிறது. மூடிய காரின் டிக்கியில் சுருட்டிப் போட்டு வைத்தால் முதுமை வேகமாக வந்துவிடும். டைவ் முடிந்த அன்றே சாதாரண நன்னீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, உள்ளும் வெளியும் அலசி, முதலில் உள்புறம் வெளியாக நிழலில் உலர்த்துங்கள். தோள் வழியாகத் தொங்கவிட்டால் தண்ணீரின் எடையால் தோள் நீளும். அகலமான கொடியில் இடுப்பில் மடித்துப் போடுங்கள். வாஷிங் மெஷினும் சுடுநீரும் வேண்டாம்.

நகம் பட்டுப் பிறை விழுந்துவிட்டால் அன்றே ஒட்டிவிட வேண்டும். அடுத்த முறை இழுக்கும்போது அது நீளும். இடத்தை நன்கு காயவைத்து, விரித்துப் பிடித்து, இரண்டு வெட்டுமுகங்களிலும் நியோபிரீன் பசையை மெல்லிதாகப் பூசுங்கள். பத்து நிமிடம் விடுங்கள், இன்னொரு பூச்சு, மறுபடி பத்து நிமிடம். தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பக்குவத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஒருநாள் முழுக்க அசைக்காதீர்கள். உடனடிப் பசை (சூப்பர் குளூ) காய்ந்ததும் கல்லாகிவிடும், வளையும் இடத்தில் மறுபடி விரிசல் விடும்.